புகையில்லாத மருந்து

கல்முனைக்குடி
12.11.2023

அன்பின் றுக்ஸானா றாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேணும். மின்ஹாவை நித்திரையாக்கி, இவரும் குறட்டை விடத் தொடங்கிய பிறகுதான் பேனையைத் தொட முடிந்தது. கண் சொருகுகிறது. எழுத்துக் கோணினால் சிரிக்காதீங்க. நீங்களும் நளீர் காக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே? பொத்துவிலில் மழை எப்படி? இங்கு விதைத்த வயலெல்லாம் தண்ணீருக்குள் நிற்கிறது.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பீங்க. எங்கட வீட்டில் ஒரு போன்தான், அதுவும் இவர் கையில்தான். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கதைக்காமல் இருக்கும்போது நான் உங்களுக்கு அடித்தால் இவர் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னொன்று, நான் கேட்கப்போகிற விஷயத்தைப் போனில் வாய்விட்டுக் கேட்கவே எனக்குப் பயம்.

விஷயம் இவங்கட வாப்பா, நம்ம மாமாட துவக்குத்தான். லைசன் இவர் பெயருக்கு மாறி வந்துவிட்டது. மாமாட நாற்பதாம் நாள் கத்தத்தில் காக்கா, "துவக்கைத் தோள்ல வைக்கத் தெரியாதவனுக்குத் துவக்கு" என்று சொன்னதும், இவர் திருப்பிச் சொன்னதும் நம்ம ரெண்டு பேருக்கும் மறக்காது. ஆனால் றாத்தா, காக்கா சொன்னது உண்மை. இவர் பத்து வருஷம் கட்டாரில் ஏசி திருத்தினவர். வாய்ப்பக்கத்தால் மருந்து போட்டு, தும்பு அடைத்து, கம்பியால் இடிக்கிற இந்த இடியன் துவக்கைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? மாவடிப்பள்ளி வயல் வட்டையில் பன்றி இறங்குகிறது. இந்தப் போகம் காவலுக்கு இவரேதான் போகப்போகிறாராம்.

மாமாட பெட்டிக்குள் பழைய வெடிமருந்து ஒரு டின் இருக்கிறது, கட்டி கட்டியாக. லைசனுக்கு எடுத்த புதுசும் இருக்கிறது. பழசைக் காயவைத்துப் பாவிக்கலாம் என்கிறார். அடுப்படியில் காயவைக்கவா என்று கேட்டார், நான் அழுதே விட்டேன். போன கிழமை ஒரு வெடி வைத்துப் பார்த்துவிட்டு, மோட்டர்சைக்கிள் எண்ணெயால் துடைத்துச் சாத்தினார். நேற்றுத் துணியை விட்டு எடுத்தால் செங்கல் நிறத்தில் வருகிறது.

நாங்கள் கேட்டதாகத் தெரியாமல் காக்காட்ட கேட்டுச் சொல்லுங்க. எந்த மருந்து, எப்படிக் கழுவுவது? தபால்காரர் வருகிற நேரம் இவர் வயலில்தான், பயமில்லை. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

தங்கச்சி முஸ்பிறா


பொத்துவில்
20.11.2023

அன்புத் தங்கச்சி முஸ்பிறாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். அல்லாஹ்ட உதவியால நாங்க சுகம். மூத்தவனுக்குத்தான் குளிர் பட்டா மூச்சு இழுப்பு. மின்ஹாக்குட்டி எப்பிடி? பல் முழுக்க முளைச்சிட்டா?

நான் தெரியாத மாதிரிக் கேக்கிற ஆள்தான், ஆனா இவர் தெரியாத மாதிரி இருக்கிற ஆளா? சோறு போட்டுக் குடுத்துப்போட்டு, "ஏன் இஞ்ச, பழைய மருந்து கட்டி பட்டா காயவைக்கலாமா?" எண்டு கேட்டன். கையில எடுத்த சோறு அப்பிடியே நிண்டது. "ஆர் கேட்ட?" எண்டார். "ஆருமில்ல, பக்கத்து வளவுல" எண்டன். "பக்கத்து வளவுல பப்பாசி மரம்தானே நிக்கிது, பப்பாசியா கேட்ட?" எண்டார். பிறகு என்னைப் பாக்காம கோழிக்கூட்டைப் பாத்துக்கொண்டு எல்லாம் சொன்னார்.

கட்டி பட்டதை அடுப்பு, வெயில் ஒண்டுலயும் காட்டப்படாதாம். இடிச்சுத் தூளாக்கவும் படாதாம். வாளித் தண்ணிக்குள்ள கொட்டிக் கரைச்சு தென்னையடியில ஊத்திரணுமாம். லைசனுக்குக் குடுக்கிற கறுப்பு மருந்து மட்டும்தானாம், அதுவும் வாப்பாட அளவுச் சிமிழுக்குக் கூட ஒரு மணியும் போடப்படாதாம்.

கழுவுறதுக்கு எண்ணெயில்ல, சுடுதண்ணி! நானும் உங்களப் போலத்தான், "இரும்புல தண்ணியா?" எண்டு கேட்டன். "நீ தேத்தண்ணிக் கோப்பையை எண்ணெய் போட்டா கழுவுற?" எண்டார். கறுப்பு மருந்துட கரி உப்பு மாதிரியாம், ஈரத்தை இழுக்குமாம். கடக்கரை ஊர்ல ஒரு ராவு போதுமாம், துரு புடிக்க. வெடி வைச்ச அண்டே கொதிதண்ணி ஊத்தி, துணி வெள்ளையா வாறவரைக்கும் தேச்சு, நல்லாக் காயவிட்டு, பிறகுதான் தேங்காயெண்ணெய். திரும்பப் போடக்குள்ள அந்த எண்ணெயையும் துடைக்கணுமாம்.

ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்க. அந்தச் சொல்லுகளை இனிக் கடிதத்துல எழுதாதீங்க. லைசன் இரிக்கிதான். ஆனா சேர்ச்சுகள்ல அது நடந்த அந்த ஏப்ரலுக்குப் புறகு நம்மட ஆக்கள்ட வீட்டுல துணி மடிக்கிற பெட்டியையும் கொட்டிப் பாத்தாங்க. குழலைச் சாமான் எண்டு எழுதுங்க, மற்றதை மருந்து எண்டு மட்டும் எழுதுங்க. எனக்கு விளங்கும்.

உம்மாவுக்கு ஸலாம் சொல்லுங்க.

றுக்ஸானா


கல்முனைக்குடி
03.12.2023

அன்பின் றாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கட கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். பப்பாசிக்கு என் ஸலாம். மூத்தவனுக்கு இழுப்புக் குறைந்ததா? உம்மா கேட்கச் சொன்னா.

நீங்க சொன்னது சரி, இனி அந்தச் சொற்களை எழுத மாட்டேன். அந்த நாட்களில் நான் கெம்பஸில் இறுதி வருஷம். என் ரசாயனப் புத்தகத்தை உம்மா கிணற்றடியில் வைத்து எரித்தா. அதில் வெடிக்கிற ஒன்றும் இல்லை, வெறும் சமன்பாடு.

இவரிடம் யூடியூபில் பார்த்தேன் என்று சொல்லித்தான் எல்லாம் செய்வித்தேன். பழைய மருந்து தென்னையடிக்குப் போய்விட்டது. சாமானைக் கழுவ நீளக் கம்பி இருந்தது, பிரஷ் இல்லை. மின்ஹாட பால் போத்தல் பிரஷைக் கம்பியில் கட்டி விட்டுக் கழுவினார்! கறுப்புத் தண்ணீர் வாளி வாளியாக வந்தது. மின்ஹா "என்ட, என்ட" என்று ஒரே அழுகை. கடைசியில் துணி வெள்ளையாக வந்தபோது இவருக்கு வந்த சந்தோஷம், புள்ளை பிறந்த அன்றைக்கும் காணவில்லை.

ஆனால் றாத்தா, தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டே, "உங்கட யூடியூப்காரன் நம்மட ஊரான் போல. வெள்ளைக்காரன் தேங்காயெண்ணெய் சொல்லுவானா?" என்றார். நான் வாளியைக் கவிழ்க்கப் போனேன். கொஞ்ச நேரம் போக, "நல்லாத் தெரிஞ்சவன்தான்" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நேற்று மட்டும், "பண்டி ஓடக்குள்ள எங்க பாத்து வைக்கிற எண்டு உங்கட யூடியூப்காரனிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாததைப் போல நடக்கிறார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

முஸ்பிறா


பொத்துவில்
16.12.2023

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். மின்ஹாக்குப் புதுப் பிரஷ் வாங்கிக் குடுத்தீங்களா? அந்தக் கதையை இவருக்கு வாசிச்சுக் காட்டினன். எல்லாமில்ல, பிரஷ் கதை மட்டும். சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணால தண்ணி வந்திட்டு. பிறகு வாசல் முத்தத்துல போய் நெடுக நேரம் நிண்டார்.

ஓடுற பண்டிக்கு வைக்கவே வேணாமாம். மேல பாத்து ஒரு வெடி, சத்தத்துக்கு ஓடிரும். ராவுல வட்டைக்குள்ள மனிசரும் நிப்பாங்க, காரைதீவு ஆக்களும் காவலுக்கு வருவாங்க, கண் தெரியாம வைச்சிரப்படாது. வீட்டுக்குக் கொண்டு வரக்குள்ள உள்ளுக்கு ஒண்டுமில்ல எண்டு கம்பியை விட்டுப் பாக்கணுமாம். வெறுங்குழலுக்குக் கம்பி எவ்வளவு இறங்குது எண்டு அதுல ஒரு வெட்டு அடையாளம் வைக்கட்டாம். புள்ள உள்ள வீடு.

இதெல்லாம் நான் கேக்கல்ல, தங்கச்சி. தானாச் சொன்னார். "எழுதுறதெண்டா எழுது" எண்டார்.

எங்கட மூத்தவனுக்குப் போன கிழமை இழுப்புக் கூடி, ஆஸ்பத்திரியில மூக்குல மூடி வைச்சுப் புகை புடிச்சுத்தான் கொண்டு வந்த. ரெண்டு ராவு நித்திரையில்ல. இப்ப பம்ப் மருந்து தந்திரிக்காங்க, புகை புடிக்கிற வேலையில்ல.

றுக்ஸானா


கல்முனைக்குடி
05.01.2024

அன்பின் றாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூத்தவன் இப்போது எப்படி? உங்கட கடிதம் வந்த நேரமோ என்னவோ, இங்கும் அதே கதை. மின்ஹாவுக்கு இழுப்பு. ரெண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். புகை என்றாலே ஆகாது, நுளம்புத்திரி கூடக் கொளுத்தக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே விடியும்வரை இருக்கிறேன். படித்ததெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவாது, றாத்தா. ஓதத்தான் வருகிறது.

நான் கேட்க வந்தது மருந்தைப் பற்றி. இதுவரை பாவித்ததில் புகையும் நாற்றமும் தாங்க முடியவில்லை. கட்டாரில் இவரோடு கூட இருந்த சிநேகிதர் ஒருவர் புது மருந்து கொண்டுவந்து தந்திருக்கிறார். புகையே இல்லையாம். கழுவித் துடைக்கிற கரைச்சலும் பெரிதாக இல்லையாம். எனக்கு அதுவே பெரிய ஆறுதல், மின்ஹாவுக்காகவே இதற்கு மாறுவோம் என்று நான்தான் சொன்னேன். ஆனால் இவர் ஒரு தடவை கேட்டுவிட்டுப் பாவிப்போம் என்கிறார். பழையதுக்குப் போட்ட அதே அளவு போடலாமா? குறைக்க வேணுமா? பயந்து பயந்து எழுதுகிறேன், சுருக்கமாகச் சொன்னாலும் போதும்.

துஆச் செய்யுங்க.

முஸ்பிறா


பொத்துவில்
14.01.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். உங்கட கடிதம் கண்டு எனக்கு நெஞ்சு பதறிட்டு. இவர் நாலு நாளா வயல் வாடியில, வெள்ளம் வரம்பை உடைச்சுப் போட்டு. இதுக்கு அவரிட்டக் கேக்கத் தேவையில்ல, எனக்கே தெரியும்.

புகையில்லாத மருந்துதான் நல்லம். ஒண்டுக்கும் யோசிக்காம மாறுங்க. நாங்களும் இப்ப அதுதான். பழையதைப் போட்ட அதே அளவு, நீங்களாக் குறைக்காதீங்க, குறைச்சா வேலை செய்யாது. விடிய ஒருக்கா, இரவைக்கு ஒருக்கா. நிமித்தி வைச்சுக்கொண்டு போடுங்க, வாய்க்குள்ள முழுக்கப் போகணும், வெளியில சிந்தப்படா.

பயப்படாதீங்க. எல்லாம் சரிவரும். மின்ஹாவை நெத்தியில கொஞ்சினன் எண்டு சொல்லுங்க.

அவசரத்துல எழுதுறன்,
றுக்ஸானா


கல்முனைக்குடி
22.01.2024

அன்பின் றாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கட கடிதம் கையில் வந்ததும் பெரிய பாரம் இறங்கியது. வெள்ளம் வடிந்ததா? காக்கா வீட்டுக்கு வந்துவிட்டாரா?

இவரிடம் சொன்னேன். "அப்பிடியே சொன்னானா? அதே அளவா?" என்று ரெண்டு தரம் கேட்டார். "ஓம், குறைச்சா வேலை செய்யாதாம்" என்றேன். சிரித்துக்கொண்டு, "அவன் சொன்னாச் சரிதான்" என்றார். யூடியூப்காரனை அவன் என்கிறாரா, வேறு யாரையுமா என்று நான் கேட்கவில்லை.

கறுப்பு மருந்தை மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். சிநேகிதர் தோட்டாக்களை வெட்டி எடுத்துத் தந்த புதுசை வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வட்டைக்குக் கொண்டுபோகிறார், மாமாட சிமிழால் ஒரு சிமிழ். இனிச் சட்டையில் அந்த நாற்றமும் வராது. மின்ஹா வாப்பாட நெஞ்சில் படுக்கலாம்.

காக்காவுக்கு என் நன்றியை எப்படியாவது சொல்லிவிடுங்க.

முஸ்பிறா


பொத்துவில்
29.01.2024

முஸ்பிறா,

எப்பிடித் தொடங்குற எண்டு தெரியல்ல. உங்கட கடிதம் சனிக்கிழமதான் கிடைச்ச. வெள்ளிக்கிழம பொழுதுபட மஃரிபுக்கே ஊரிலிருந்து கோல் வந்திட்டு, சாமான் வெடிச்சுத் தம்பி ஆஸ்பத்திரியில எண்டு. இவர் அப்பிடியே மோட்டர்சைக்கிளை எடுத்தார். சாரனோட போனார்.

நீங்க மின்ஹாட மருந்தைக் கேட்டீங்க எண்டுதான் நான் நினைச்சன். அல்லாஹ் மேல ஆணையா அப்பிடித்தான் நினைச்சன். புகை, இழுப்பு, டொக்டர் எண்டு எழுதியிருந்தீங்க. கட்டாரிலிருந்து வந்த மருந்து எண்டா பம்ப் எண்டுதான் விளங்கின. சனிக்கிழம உங்கட கடிதத்துல தோட்டா எண்ட சொல்லைக் கண்டதும்தான் நீங்க எதைக் கேட்டீங்க எண்டு விளங்கின.

இவர் ஞாயிறு விடிய வந்தார். தம்பி இன்பாஸ் இவரைக் கண்டதும், "நீங்கதானே சொன்ன" எண்டு மட்டும் சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிட்டாராம். "நான் என்ன சொன்ன, றுக்ஸானா?" எண்டு என்னைக் கேட்டார். தெரியாது எண்டன். திரும்பவும் கேட்டார். தெரியாது எண்டன்.

அவர் சாப்பிடல்ல. தோட்டா மருந்தை இடியனுக்குப் போட்டா இரும்பு தாங்காது எண்டு சின்னப் புள்ளைக்கும் தெரியும், அதைத் தம்பிக்கு நான் சொல்லுவனா எண்டு கோழிக்கூட்டைப் பாத்துக் கதைக்கார்.

இப்போதைக்கு ஒருத்தரிட்டயும் சொல்லாதீங்க, தங்கச்சி. என்னை அவர் மன்னிக்க மாட்டார். கை எப்பிடி இரிக்கி, கண் எப்பிடி இரிக்கி எண்டு எழுதுங்க.

றுக்ஸானா


கல்முனைக்குடி
11.02.2024

அன்பின் றாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கண் ரெண்டும் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். இடது கையில் ரெண்டு விரல் இல்லை. ஒரு காது இன்னும் இரைகிறதாம். கன்னத்தில் கருந்திட்டு. வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடிப்பக்கத்துக் குழல் பூவைப் போல விரிந்து கிடந்ததாம். பக்கத்து வயல் குணம் அண்ணன்தான் தன் சாரனைக் கிழித்துக் கையைச் சுற்றி, உழவு மெஷினில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்தவர். "தம்பி, கண்ணை மூடாத, கதை, எதையாவது கதை" என்று கத்திக்கொண்டே வந்தாராம். இவர் வழி நெடுக, "அதே அளவுதான் போட்ட, அதே அளவுதான் போட்ட" என்று சொன்னாராம்.

உங்களை நான் குறை சொல்லவில்லை, றாத்தா. நீங்க "விடிய ஒருக்கா, இரவைக்கு ஒருக்கா" என்று எழுதியதைப் பன்றி வருகிற நேரம் என்று வாசித்த பட்டதாரி நான். "வாய்க்குள்ள முழுக்க" என்றதைக் குழல் வாய் என்று வாசித்தேன். நம்ம ரெண்டு பேரும் பயந்து பயந்து ஒரு சொல்லை விட்டுவிட்டு எழுதினோம். அந்தச் சொல் இருந்திருந்தால் விரல் இருந்திருக்கும்.

விரலைவிட எனக்குப் பயம் வேறு. நேற்று மருந்து கட்டும்போது இவர் சொன்னார்: "விரல் போனது போகட்டும். காக்கா தெரிஞ்சுகொண்டே சொல்லியிருக்கார், முஸ்பிறா. தெரியாம அவர் சொல்ல மாட்டார்." தன் கூடப்பிறந்தவர் தன்னைக் கொல்லப் பார்த்தார் என்று நினைத்துக்கொண்டு அந்த மனுஷன் என் பக்கத்தில் படுக்கிறார். இரவில் எழும்பி இருக்கிறார். இதை எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

சொல்ல விடுங்க. உங்கட பதிலைக் கண்ட பிறகு சொல்கிறேன்.

முஸ்பிறா


கல்முனைக்குடி
03.03.2024

அன்பின் றுக்ஸானா றாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கட சுகம் அறிய ஆவல். மூன்று கிழமையாகப் பதிலில்லை. ரெண்டு தரம் பக்கத்து வீட்டுப் போனால் அடித்தேன், எடுக்கவில்லை. பிள்ளைகள் நலமென்று மட்டும் பொத்துவில் பஸ்ஸில் வந்த ஒருவரிடம் கேட்டறிந்தேன். மின்ஹாவுக்கு இழுப்பில்லை.

நான் உங்கட அனுமதி இல்லாமல் இவரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுங்க, ஆனால் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்க.

முந்தாநாள் காக்கா ஒரு ஆளிடம் தேன் போத்தல் கொடுத்து அனுப்பியிருந்தார், காயம் ஆறுவதற்காம். இவர் அதைத் தொடவில்லை. "திருப்பிக் குடு, இதுக்குள்ள என்ன கிடக்கோ" என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. அங்கேயே இருந்து எல்லாம் சொன்னேன். வெடிமருந்தை மருந்து என்று மட்டும் எழுதியது, நீங்க மின்ஹாவுக்கென்று விளங்கியது, காக்காவுக்கு இதில் ஒன்றுமே தெரியாதது, எல்லாம்.

"அப்ப காக்காட்ட கேக்கவே இல்லையா?"

"இல்ல. அவர் வாடியில. அவருக்கு இண்டைக்கும் தெரியாது."

நீங்க எழுதியதை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "விடிய ஒருக்கா, இரவைக்கு ஒருக்கா" என்று நான் சொன்னதும் சிரிக்கத் தொடங்கினார். கை நோகுது, நோகுது என்று பிடித்துக்கொண்டே சிரித்தார். மின்ஹாவும் ஓடிவந்து என்னவென்று தெரியாமல் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "காக்கா சாரனோட வந்தவர். நான் முகத்தைப் பாக்கல்லையே" என்றார்.

உங்கள் மேல் இவருக்கு ஒரு துளி கோபமில்லை, இதை நம்புங்க. "மதினி என்ட புள்ளைக்குத்தானே மருந்து சொன்ன" என்றார்.

நோன்புக்கு முதல் பொத்துவிலுக்கு வரப் பார்க்கிறார். ஆனால் காக்காவுக்கு உண்மை தெரியாமல் இவர் வந்து நின்றால், எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று அவருக்கு விளங்காது. இவரே சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அதற்கு இவருக்கு மனமில்லை. "மதினிதான் சொல்லணும், அதுக்குப் புறகுதான் நான் போவன்" என்கிறார். போனில் பேசுங்க என்றேன். "போன்ல கதைச்சா ரெண்டு பேரும் சண்டைதான் புடிப்பம்" என்கிறார்.

நீங்க பயப்படுவது எனக்குத் தெரியும். காக்கா சத்தம் போடுவார், ரெண்டு நாள் சாப்பிட மாட்டார். ஆனால் தம்பி தன்னை அப்படி நினைத்தான் என்று தெரிந்துகொண்டு, ஏன் நினைத்தான் என்று தெரியாமல் அவர் இருக்கிற இருப்பைவிட அது பெரிதா, றாத்தா? அந்தக் கோழிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் கதைப்பார்?

சொல்லிவிட்டீங்க என்றால் ஓம் என்று ஒரு சொல் எழுதிப் போடுங்க. மற்றதெல்லாம் நாங்க வந்து கதைக்கிறோம்.

கெதியாகப் பதில் எழுதுங்க.

தங்கச்சி முஸ்பிறா